குனிந்திருந்தவனுக்கு

என் மகள் நேற்று உன் சாரத்துண்டைத் தோய்த்துவிட்டாள்.

படிக்குக் கீழே இருக்கும் அலுமாரியில், என் பழைய விளையாட்டுப் பையின் அடியில் அது வருடக்கணக்காகச் சுருண்டு கிடந்தது. அவளுக்கு ஏதோ முகாமுக்குப் போகப் பை தேவைப்பட்டிருக்கிறது. பையை உதறி, உள்ளே கிடந்த நாற்றம் பிடித்த துணியையும் தன் உடுப்புகளோடு இயந்திரத்தில் போட்டிருக்கிறாள். நான் வேலையால் வந்தபோது அது ஹீட்டரின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. நீலச் சதுரங்கள், ஓரத்தில் மண்ணிறக் கரை, இரண்டு சாண் அகலம். எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். சவர்க்காரத்தூள் வாசம்தான் வந்தது. சேறு இல்லை, வேர்வை இல்லை, நீ முழங்காலுக்குப் பூசுகிற தைலமும் இல்லை.

"ஆரைக் கேட்டுத் தோய்ச்சனி?" என்று வீடு அதிரக் கத்தினேன்.

"இட்ஸ் ஜஸ்ட் எ ராக், அப்பா" என்றாள். அவளுக்கு அது வெறும் கந்தல். முகம் சிவந்து மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு என்ன தெரியும் என்று மனைவி என்னோடு சண்டைக்கு வந்தாள். சரிதான், அவளுக்கு என்ன தெரியும்? நான் யாருக்குச் சொன்னேன்? உனக்கே சொல்லவில்லையே.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து ஐந்து நாள் ஆகிறது. மோர்டனில் உன் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவன், இப்போது இந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது ஒரு தொலைபேசி அழைப்புத் தூரத்தில் இருந்தாய். அப்போதெல்லாம் வாய் வரவில்லை. இப்போது எழுதி என்ன பிரயோசனம் என்று நீ கேட்பாய். கேள்.

இரண்டாயிரத்து ஒன்பது பங்குனி மாதம் நான் ஜெர்மனியில் இருந்து லண்டனில் அக்கா வீட்டுக்கு வந்து இறங்கியபோது, என்னிடம் ஒரு பெட்டி உடுப்பும் ஒரு கெட்ட பெயரும் மட்டும்தான் இருந்தன. அங்கே பதினைந்து வயதில் இருந்து அமெரிக்கக் கால்பந்து விளையாடியவன் நான். எங்கள் சனத்தில் அப்படி ஒருவனைக் காண்பது அரிது. அதிலும் நான் குவாட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று தீர்மானித்து எறிபவன். நன்றாகத்தான் எறிந்தேன். ஒரு ஆட்டத்தில் பக்கவாட்டில் இருந்து வந்த ஒருவன் என்னை இடித்து விழுத்தி, விலா எலும்பு இரண்டு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது. கண்தான் பொருந்தவில்லை. அதன் பிறகு முன்னால் ஓடுகிற என் ஆட்களைப் பார்க்க வேண்டிய நேரத்தில், கண் தானாகப் பக்கத்துக்குப் போகும். எவன் வருகிறான், எவன் வருகிறான் என்று தேடும். தேடிக்கொண்டே எறிந்தால் பந்து எதிராளியின் கைக்குத்தான் போகும். ஒரே ஆட்டத்தில் நாலு தரம் போனது. அணியில் இருந்து தூக்கினார்கள். அதே மாதம் தொழிற்சாலையிலும் ஆட்குறைப்பு. இருபத்தேழு வயதில் அக்காவின் சின்ன அறையில், பலசரக்குப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

"காலால அடிக்காத பந்துக்குக் கால்பந்து எண்டு பேர். அதுக்கு ஒரு விசரன்" என்று அத்தான் சிரித்தார். அவரோடு எனக்குக் கோபமில்லை. எனக்கு வேறு எதுவும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. அது எனக்குத் தெரிந்திருந்ததுதான் வேதனை.

தென் லண்டனில் ஒரு சின்ன அணிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். றக்பி மைதானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுகிற அணி. கோச் ஒரு வெள்ளைக்காரர், வாரநாட்களில் குழாய் திருத்துபவர். மழை. முதல் நாளே பந்து என் கையில் நிற்கவில்லை.

அங்கேதான் நீ. சென்டர். பந்தின் மேல் குனிந்து நின்று, கால்களுக்கு இடையால் பின்னுக்கு என் கையில் தருபவன். தந்த கையோடு நிமிர்ந்து, என்னை அடிக்க வருகிறவனை மறிப்பவன். கடைகளுக்கு ஃபிரிஜ் ஏற்றி இறக்கும் வேலை உனக்கு. உடம்பைப் பார்த்துவிட்டு யாரோ கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். மூன்றாவது தரமும் பந்து வழுக்கி விழ, நான் எனக்குள் தமிழில் ஒரு தூசணம் சொன்னேன். நீ குனிந்தபடியே இரண்டு கால்களுக்கும் இடையால் தலைகீழாக என்னைப் பார்த்தாய்.

"அடப்பாவி, நீ எங்கட ஆளே? ஊர் எது?"

அடுத்த கிழமை இடுப்பின் பின்பக்கம் இந்தத் துண்டைச் சொருகிக்கொண்டு வந்தாய். மற்ற அணிகளிலும் சென்டர்கள் துவாய் சொருகுவார்கள், குவாட்டர்பேக் கை துடைக்க. உன்னுடையது இடுப்பில் உடுக்கிற சாரத்தில் கிழித்த துண்டு. "இதைப்போல ஈரம் இழுக்கிற சாமான் உலகத்தில இல்லை மச்சான். சண்டையில வன்னிப் பாதை பூட்ட முன்னம் அம்மா நாலு சாரம் குடுத்துவிட்டவா. ஒண்டைக் கிழிச்சா என்ன குறையவே போகுது" என்றாய். அன்றைக்கு என் கை காய்ந்தது. பந்து நின்றது.

என் கண்ணுக்கும் நீதான் வைத்தியம் பார்த்தாய். வேலை முடிந்து மோர்டன் பூங்காவில் சந்திப்போம். எனக்கு முன்னால் இருபத்தைந்து யார்ட் தூரத்தில் ஒரு மரத்தில் உன் பழைய சேர்ட்டைக் கட்டிவிடுவாய். நான் அதற்கு எறிய வேண்டும். நீ பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்துவாய். "டேய், வீடு பத்துது! டேய், உன்ர அக்கா வாறா, கையில விளக்குமாறு! டேய், பொலிஸ்!" நான் திரும்பினால் பூங்காவைச் சுற்றி ஒரு ஓட்டம். சப்பாத்தைக் கழற்றியும் எறிந்திருக்கிறாய். நாயோடு நடக்க வருகிற கிழவி ஒருத்தி, உனக்கு மூளை சுகமில்லை என்று நினைத்து என்னிடம் அனுதாபமாகத் தலையசைத்துவிட்டுப் போவாள். முதற்கிழமை பூங்காவை எத்தனை தரம் சுற்றினேன் என்று கணக்கில்லை. நாலாவது கிழமை நீ என்ன கத்தினாலும் நான் சேர்ட்டை மட்டும் பார்த்தேன்.

"முன்னுக்குப் பார். பக்கத்தை நான் பாக்கிறன். உன்னை ஒருத்தன் தொட்டா என்னட்ட வா" என்பாய். இந்த விளையாட்டில் உனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான் என்று சிரிப்பேன்.

எண்ணிக்கையையும் தமிழாக்கினோம். எப்போது பந்தைத் தருவது என்று எதிராளிக்கு விளங்கக்கூடாது. "ஒண்டு, ரெண்டு, மூண்டு." மூண்டில் பந்து. எங்கள் அணியில் நின்ற நைஜீரியக்காரனும், கோச்சின் மருமகனும், ஒரு போலந்துக்காரனும் உன்னிடம் மூண்டு வரை எண்ணப் படித்தார்கள். நாலு என்ன என்று அவர்களில் ஒருவனுக்கும் கடைசிவரை தெரியாது.

இவ்வளவு சிரிப்பையும் எழுதிவிட்டு, அது எந்தக் காலம் என்று எழுதாமல் விட ஏலாது. அந்தச் சித்திரை வைகாசியில் லண்டனில் எங்கள் ஆட்கள் எவரும் கைபேசியை அணைக்கவில்லை. குளிக்கும்போது சவர்க்காரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் குளித்தார்கள். உன் அம்மா கடைசிச் சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தார். நீ அவருக்கு ஒரே பிள்ளை. தை மாதத்துக்குப் பிறகு அவர் குரலை நீ கேட்கவில்லை. வேலை முடிந்தால் வெஸ்ட்மின்ஸ்டரில் போரை நிறுத்தச் சொல்லி வீதியில் இருந்த சனத்தோடு போய் நின்று கத்துவாய். தொண்டை கட்டிப் பயிற்சிக்கு வருவாய். இந்த நிலையில் ஏன் வருகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டில இருந்தா போனைப் பாத்துப் பாத்து விசர் பிடிக்குது. இங்க வந்தா ஆரையாவது இடிக்கலாம்" என்றாய்.

ஆட்டத்தின்போது உன் கைபேசியை அக்காவிடம் கொடுப்பாய். அக்கா என் ஆட்டங்களுக்கு ஒரு பெட்டி ரோல்ஸும் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீருமாக வந்து கோட்டுக்கு வெளியே ஒரு மடிப்புக் கதிரையில் இருப்பாள். அழைப்பு வந்தால் எடுத்துக் கதைத்துக்கொண்டு, கோட்டோரம் வந்து கையை உயர்த்திக் காட்டச் சொல்லி அவளிடம் சொன்னாய். என்னிடம் சொன்னது வேறு. எனக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "மச்சான், போன் வந்தா அக்கா காட்டுவா. நான் குனிஞ்சிருப்பன், எனக்கு ஒண்டும் தெரியாது. எல்லாத்தையும் பாக்கிறவன் நீதான். நீ ஆட்டத்தை நிப்பாட்டு. பந்து எங்க நிண்டாலும் நிப்பாட்டு."

"நிப்பாட்டுறன்" என்றேன். அதைச் சொல்லும்போது அப்படியே நினைத்துத்தான் சொன்னேன்.

முதல் மூன்று ஆட்டமும் தோற்றோம். நாலாவதுக்கு முதல் நாள் கோச் என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாமல் என் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார். நாளை வெல்லாவிட்டால் அடுத்த ஆட்டத்தில் இருந்து அணிக்குப் புதிதாக வந்த பல்கலைக்கழகப் பையன்தான் எறிவான், நீ வெளியே உட்காரலாம். அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் கைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். பெட்ரோல் நிலையத்தில் கிழமைக்கு மூன்று ஷிப்ட், அக்காவின் பெட்டி அறை, அத்தானின் சிரிப்பு. இதுவும் போனால் நான் யார் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அந்தப் பயத்தை உனக்குச் சொன்னேன். "உனக்கு நாளைக்கு ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்றாய். உன் அம்மா எங்கே என்று தெரியாத நீ, என் பந்துக்கு ஆறுதல் சொன்னாய்.

நாள் முழுதும் மழை. உன் துண்டு பிழியப் பிழிய நனைந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். ஒருவன்கூட என்னைத் தொடவில்லை. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம் இருந்தது. நாலு புள்ளி பின்னால் நின்றோம். முப்பது யார்ட் முன்னேறி எல்லைக்கோட்டைத் தாண்டினால் வெற்றி. ஆட்டத்தைச் சற்று நிறுத்தக் கேட்கிற டைம் அவுட் ஒன்று என் கையில் மிச்சம் இருந்தது.

நீ பந்தின் மேல் குனிந்தாய். நான் உனக்குப் பின்னால் கையை வைத்தேன். அப்போது இடதுபக்கக் கோட்டோரமாக அக்கா ஓடி வந்தாள். மழையங்கி திறந்திருந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை. வலது கையை உயர்த்தி ஆட்டினாள். கையில் உன் கைபேசி. "தம்பி! தம்பி!" என்று வாய் அசைந்தது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை, ஹெல்மெட்டுக்குள் மழையும் என் மூச்சும்தான் கேட்டன.

நான் இரண்டு கைகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் காட்டியிருந்தால் போதும், நடுவர் விசில் ஊதியிருப்பார். நீ ஓடியிருப்பாய். நீ ஓடினால் உன் இடத்துக்கு வர இருந்தவனுக்கு இரண்டு கிழமையாக முழங்கால் வீக்கம். அந்த மழையில் அவன் கையால் வரும் பந்து என் கையில் நிற்காது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன், எண்ண நேரம் இல்லை. ஆனால் தெரிந்தது.

"ஒண்டு" என்றேன். "ரெண்டு" என்றேன். உன் முதுகு அசையாமல் இருந்தது. "மூண்டு" என்றேன்.

பத்து யார்ட் கிடைத்தது. நீ எழும்பி ஓடிவந்து உன் இடத்தைப் பிடித்தாய். அக்கா இன்னும் கிட்ட வந்திருந்தாள், கோட்டோர ஆள் ஒருவர் அவளை மறித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் தரமும் மூண்டு வரை எண்ணினேன். எறிந்த பந்து நிலத்தில் விழுந்தது. மூன்றாம் தரமும் எண்ணினேன். உன்னை நோக்கி இரண்டு பேர் பாய, நீ இருவரையும் மார்பில் தாங்கிக்கொண்டு நின்றாய். நான் முன்னால் பார்த்தேன். முன்னால் மட்டும். மூலையில் கோச்சின் மருமகன் கையை உயர்த்தினான். அப்படி ஒரு பந்தை நான் வாழ்க்கையில் அதற்கு முன்னும் எறியவில்லை, பின்னும் எறியவில்லை.

நீ என்னைத் தூக்கினாய். சேற்றோடு தூக்கிச் சுற்றினாய். உண்மையைச் சொல்கிறேன், நான் அப்போது அழுதேன், சந்தோசத்தில். அந்தச் சில வினாடிகள் அக்காவை மறந்தும் போனேன். பிறகு உன் தோளுக்கு மேலால் பார்த்தேன். அவள் கைபேசியை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, ஒரு கால் வெறுங்காலாக நின்றுகொண்டிருந்தாள்.

"கட்டாயிட்டுது தம்பி" என்றாள் உன்னிடம். "அம்மா. அம்மாதான் கதைச்சவா. அகதி முகாமுக்கு வந்திட்டாவாம். ஆரோ ஒராளின்ர போனாம், ரெண்டு நிமிசம்தான் குடுத்தவையாம். பிள்ளை எங்க எண்டு கேட்டவா. விளையாடுறான் அம்மா, இந்தா கூட்டிக்கொண்டு வாறன், போனை வையாதேங்கோ எண்டனான். 'விளையாடுறானோ?' எண்டு கேட்டவா. பிறகு சத்தமில்லை."

நீ அந்த இலக்கத்துக்கு எடுத்தாய். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சேற்றில் முழங்காலில் இருந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல், திரும்பத் திரும்ப எடுத்தாய்.

அக்கா என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ இந்தப் பக்கம் பாத்த மாதிரி இருந்துது. என்னைக் காணேல்லையோ?"

"இல்லையக்கா" என்றேன். "ஹெல்மெட்டுக்க ஒண்டும் விளங்காது."

அதற்கு நீ தலை நிமிராமல் ஒன்று சொன்னாய். "அவனை ஏசாதேங்கோ அக்கா. பக்கத்தில ஆர் கை காட்டினாலும் திரும்பாதே எண்டு நான்தானே பழக்கினனான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் குற்றத்தை நீ எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா திரும்ப எடுக்கவில்லை. போன் தந்த ஆள் இரண்டு நாளைக்குப் பிறகு ஒருதரம் கதைத்து, ஆயிரம் சனம், எங்கே போய்த் தேட என்று வைத்துவிட்டான். இரண்டு கிழமையில் முகாமில் காய்ச்சலில் போய்விட்டார் என்று செய்தி வந்தது. நீ அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. என் இடம் நிலைத்தது. அடுத்தடுத்து வென்றோம். கோச் என்னைப் புதிதாய்ப் பிறந்தவன் என்றார். நான் இன்னும் நாலு வருடம் எறிந்தேன், வேறொருவனுடைய இடுப்பில் உன் துண்டைச் சொருகிவிட்டு. "நீ வைச்சுக்கொள், உனக்குத்தானே கை ஈரம்" என்று நீயே தந்தாய்.

அக்காவை எங்கே கண்டாலும் நீ ஒன்றைக் கேட்பாய். கலியாண வீட்டில், என் மகளின் பிறந்தநாளில், கடைவாசலில். "அக்கா, 'விளையாடுறானோ' எண்டு அம்மா என்ன மாதிரிக் கேட்டவா? கோவமாவோ?" அக்கா ஒவ்வொரு தரமும், "இல்லையடா, சிரிச்ச மாதிரித்தான்" என்பாள். அவளுக்கு அது நிச்சயமில்லை என்று எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். லைன் இரைந்ததாம். நீ ஒவ்வொரு தரமும் தலையாட்டிக்கொண்டு போவாய், அடுத்த தரமும் கேட்பாய். நான் பக்கத்தில் கோப்பையோடு நிற்பேன். அம்மாவின் ஒவ்வொரு திவசத்துக்கும் உன் வீட்டுக்கு வாழையிலை வாங்கி வந்தவன் நான். உன்னோடு காரில் எத்தனை மணித்தியாலம் போயிருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்து, எதிர்ச் சிக்னல் பச்சையாக, போய்விடும். நீ என்னை அடித்திருந்தால் எனக்கு நல்லது. நீ அடிக்கமாட்டாய் என்ற பயம்தான் என் வாயைக் கட்டியது.

செத்த வீட்டில் நான் அழுத அழுகையைப் பார்த்து உன் மனைவி பக்கத்தில் வந்து இருந்தாள். என்னைத் தேற்றத்தான் வந்தாள். "அண்ணை, அந்த மட்ச் கதையை அவர் அடிக்கடி சொல்லுறவர். ஆராவது உங்களில பிழை சொன்னா அவருக்குப் பொல்லாத கோவம் வரும். 'அவன் காணேல்லை. கண்டிருந்தா நிப்பாட்டியிருப்பான்' எண்டு அடிச்சுச் சொல்லுவார்" என்றாள்.

துண்டு காய்ந்துவிட்டது. மடித்து மேசையில் வைத்திருக்கிறேன். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன், ஏன் கத்தினேன் என்று கேட்டாள், பிறகு சொல்கிறேன் என்றேன். அக்காவுக்கும், உன் மனைவிக்கும், அவளுக்கும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் முதலில் கேட்க வேண்டியவன் நீ. இனி நீ நிமிர்ந்து என்னைப் பார்க்கப் போவதில்லை. இப்போதும் உன் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் சொல்கிறேன்.

நான் கண்டனான், மச்சான்.